ஏற்காடு மலைப்பாதை ஏன் சரிகிறது? சேர்வராயன் மலையை உருவாக்கியதும் தேய்ப்பதும் எவை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகும் உள்மாவட்டங்களை விடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சேர்வராயன் மலையிலும் அதே நாட்களில் இடைவிடாமல் கொட்டியது. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது.

இப்படி நடக்கும் ஒவ்வொரு முறையும் சேலத்தில் சில கேள்விகள் கிளம்புகின்றன. பூமிக்கடியில் ஏதாவது நகர்கிறதா? பல கோடி ஆண்டுகளாக நிற்கும் மலை இப்போது ஏன் சரிகிறது? மழைதான் காரணம் என்றால், சில இடங்கள் மட்டும் திரும்பத் திரும்பச் சரிவது ஏன்? இவற்றுக்கு விடை தேட, மலை என்பது எப்படி உருவாகி எப்படி அழிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. புவித்தட்டு நகர்வு: பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமான தட்டுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று மோதியும் விலகியும் உரசியும் நகர்கிறது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது. இதைத்தான் டெக்டானிக் இயக்கம் என்கிறோம்.

2. பாறைச் சிதைவு: பாறை இருந்த இடத்திலேயே மழைநீராலும் வெப்பத்தாலும் வேர்களாலும் மக்கி மண்ணாவது. இங்கே எதுவும் இடம் பெயர்வதில்லை.

3. அரிப்பு: சிதைந்ததை ஓடையோ ஆறோ காற்றோ அள்ளிக்கொண்டு போவது. மண்சரிவும் அரிப்பின் ஒரு வகைதான், வேகமான வகை.

4. நிலச் சமநிலை: மேலோடு, தனக்குக் கீழேயுள்ள அடர்த்தி கூடிய கவசத்தின் மேல் மிதப்பதுபோல் அமர்ந்திருக்கிறது. மேலே பாரம் குறைந்தால் நிலம் மெல்ல எழும்பும். ஒகேனக்கல் பரிசலிலிருந்து ஆட்கள் இறங்க இறங்கப் பரிசல் தண்ணீரில் மேலே வருகிறதல்லவா, அதே விதி. ஆனால் நிலம் எழும்ப லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். ஏற்காட்டுப் பாதையில் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வேறுபாடே பாதி வழி கொண்டுபோய்ச் சேர்க்கும்.

30 கி.மீ. ஆழத்துப் பாறை மலையுச்சிக்கு வந்தது

சேர்வராயன் மலையின் உடல் பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே வகைதான். உடைத்தால் உள்ளே கரும்பச்சை சாய்ந்த நிறம், கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு. சேலம் வட்டாரத்தில் இந்தப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இவற்றில் உள்ள கனிமங்கள் உருவாவதற்கு 700 முதல் 800 டிகிரி வெப்பமும், தலைக்கு மேல் ஏறத்தாழ 25 முதல் 35 கி.மீ. பாறை இருந்தால் மட்டுமே கிடைக்கும் அழுத்தமும் தேவை.

அதாவது, இன்று சேர்வராயன் கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உச்சியில் கால் வைக்கும்போது, ஒரு காலத்தில் பூமிக்குள் 30 கி.மீ. ஆழத்தில் கிடந்த பாறை மீது கால் வைக்கிறோம். அதன் மேலிருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே? அரிப்பு கொண்டுபோய்விட்டது. அரிக்க அரிக்க நிலச் சமநிலை விதிப்படி கீழிருந்தது மேலே வந்தது. பழங்காலத் தட்டு மோதல்களும் அதைத் தூக்கிவிட்டன. இங்கே மோதல் முடிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. மிச்சமிருப்பது பழைய மலைத்தொடரின் வேர்ப்பகுதி.

இதனால்தான் சேர்வராயனை இமயமலையோடு ஒப்பிடக் கூடாது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மோதல் இன்னும் ஓயவில்லை, இமயம் இன்னும் உயர்கிறது. சேலம் இருப்பதோ அந்த மோதல் விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி, தட்டின் உள்ளே.

அப்படியானால் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்கூட இல்லாத சேலம் நகரத்துக்குப் பக்கத்தில் 1,300 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழும் மலை எப்படி மிஞ்சியது? நிலவியலாளர்களிடம் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, பழைய பிளவுகளை ஒட்டி மலை ஒரு கட்டியாக உயர்ந்தது என்பது. மற்றொன்று, சுற்றியிருந்த நிலம் வேகமாகத் தேய்ந்து இறங்க, மலை அதே இடத்தில் நின்றுவிட்டது என்பது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்க முடியும். இரண்டாவது விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. சமவெளி தேயும்போது அந்த வட்டாரம் முழுவதன் பாரமும் குறைகிறது. வட்டாரம் மொத்தமாக எழும்புகிறது. 100 மீட்டர் பாறையைச் சீவி எடுத்தால் ஏறத்தாழ 80 மீட்டர் திரும்ப எழும். தன் உச்சியில் அதிகம் தேயாத மலை, அக்கம்பக்கம் தேய்ந்ததாலேயே உயரம் கூடிவிடுகிறது. அரிப்பே மலையை உயர்த்துகிறது என்பது கேட்க முரணாக இருக்கும், ஆனால் பழைய மலைகள் பலவற்றின் உண்மை இதுதான்.

பழைய பிளவு காட்டும் வழி

தட்டு இயக்கம் ஓய்ந்த பிறகும் அதன் தழும்பு போகாது. சேலத்திலிருந்து கிழக்கே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் என்று போகும் தாழ்வான பகுதியைப் பாருங்கள். வடக்கே சேர்வராயனும் கல்வராயனும், தெற்கே கொல்லிமலையும் பச்சைமலையும் நிற்க, நடுவில் கிழக்கு மேற்காக ஒரு நீண்ட தாழ்வாரம். மோயாறு, பவானியிலிருந்து சேலம் வழியாக ஆத்தூர் வரை நிலவியல் வரைபடங்களில் ஒரு பட்டை குறிக்கப்பட்டிருக்கும். பல்லாண்டு காலம் இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி, நசுங்கி, இழுபட்ட பட்டை அது. நசுங்கிய பாறையில் விரிசல் அதிகம், தண்ணீர் எளிதில் இறங்கும், சீக்கிரம் மக்கும். ஆறு அந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். வசிஷ்ட நதி அப்படித்தான் ஓடுகிறது. பின்னால் வந்த சாலையும் விருத்தாசலம் ரயில் பாதையும் அதே தாழ்வாரத்தில் போடப்பட்டன. சேலத்திலிருந்து ஆத்தூருக்கு மலையேறாமல் போக முடிவதற்குக் காரணம், மனிதன் தோன்றுவதற்கு முன்பே நடந்து முடிந்த ஒரு தட்டு உரசல்.

பாறையின் தரமும் இதே வேலையைச் செய்கிறது. கஞ்சமலையில் இரும்புத்தாதுவும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கின்றன. குவார்ட்ஸ் மழைநீருக்கு எளிதில் இளகாது, ஆகவே கஞ்சமலை தனித்து நிற்கிறது.

பருவநிலை செதுக்கியது: உச்சியில் பாக்சைட், அடியில் வெள்ளைக்கல்

தட்டு இயக்கம் கல்லைக் கொடுத்தது. அதை என்ன செய்வது என்று முடிவு செய்தது மழையும் வெப்பமும். சேர்வராயன் மலையின் மேல்தளத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு, அதுவே பல காலம் வெட்டி எடுக்கப்பட்ட பாக்சைட் என்ற அலுமினியத் தாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது இந்த மலையின் கல்தான்.

பாக்சைட் எப்படி உண்டாகிறது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சார்னோகைட்டுக்குள் இறங்கும்போது ஃபெல்ஸ்பார் கனிமத்தைத் தாக்குகிறது. சோடியம், கால்சியம், பொட்டாசியம் முதலில் கரைந்து போகும். அது நின்றுவிட்டால் மிஞ்சுவது களிமண். மழையும் வெப்பமும் தொடர்ந்து, நீரும் தேங்காமல் வடிந்துகொண்டே இருந்தால், பிறகு சிலிக்காவும் போய்விடும். கடைசியில் எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கும். சார்னோகைட்டில் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்ஸைடு, சுமார் 15 விழுக்காடுதான். பாக்சைட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல். அப்படியென்றால் பாறையின் பெரும்பகுதி கரைந்து போயிருக்க வேண்டும்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் ஒரே இடத்தில் கூடிவர வேண்டும்.

1. இன்றைய சேலத்தைவிட ஈரமான, வெப்பமான பருவநிலை. இந்தியத் தட்டு தெற்கிலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து வந்த கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது வாய்த்தது.

2. நீர் தேங்காமல் இறங்கிப் போகும் உயரமான, ஓரளவு தட்டையான தளம்.

3. அந்தத் தளம் நெடுங்காலம் அரிக்கப்படாமல் நிற்பது. அரிப்பு வேகமாக இருந்தால் மண் முதிர்வதற்கு முன்பே ஆற்றோடு போய்விடும்.

மூன்றாவதுதான் நம் கேள்விக்கு நேரடியாகத் தேவைப்படுவது. பாக்சைட் மூடி இன்னும் இருக்கிறது என்பதே, ஏற்காட்டின் மேல்தளம் மிக மெதுவாகத் தேய்கிறது என்பதற்கு அத்தாட்சி. மலையின் மேல்தளம் நிதானமானது. ஆபத்து அதன் ஓரங்களில், செங்குத்தான சரிவுகளில் இருக்கிறது. மலைப்பாதை போவதும் அங்கேதான்.

அடிவாரத்தில் இன்னொரு சான்று. செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கம் வெண்மையாகத் தெரியும் கரடுகள் மேக்னசைட் நிறைந்தவை, ஊர் வழக்கில் வெள்ளைக்கல். மக்னீசியம் மிகுந்த, பூமியின் ஆழத்திலிருந்து வந்த டூனைட் பாறை அங்கே இருக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு கரைந்த நீர் அதன் விரிசல்களில் புகுந்து, மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. உலைக்களங்களின் உட்சுவர்ச் செங்கல்லுக்காக நாம் தோண்டுவது அந்த நரம்புகளை. காற்றில் இருந்த கரிவாயுவைப் பாறை உறிஞ்சிப் பூட்டி வைத்திருக்கிறது என்றும் இதைச் சொல்லலாம். பருவநிலை பாறையை மாற்றுவதுபோல், பாறையும் மிக நீண்ட காலக் கணக்கில் பருவநிலையை மாற்றுகிறது.

எவ்வளவு வேகத்தில் தேய்கிறது

அரிப்பின் வேகத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள், தரைமட்டத்துக்கு அருகே உள்ள குவார்ட்ஸ் மணலில் பெரிலியம்-10 என்ற அணுவை உருவாக்குகின்றன. ஆழத்தில் இருக்கும் குவார்ட்ஸுக்கு இந்தக் கதிர்கள் எட்டுவதில்லை. ஆற்று மணலில் இந்த அணு நிறைய இருந்தால், அந்த மணல் மேற்பரப்பில் நெடுங்காலம் காத்திருந்தது, அதாவது நிலம் மெதுவாகத் தேய்கிறது என்று பொருள். தென்னிந்தியத் தீபகற்பத்தின் உட்பகுதியில் இப்படிக் கிடைக்கும் வேகம், 10 லட்சம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் முதல் சில பத்து மீட்டர் என்ற அளவில் இருக்கிறது.

கணக்குக்காக 10 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுக்கு 1 செ.மீ. அதே ஆயிரம் ஆண்டில் தட்டு 50 மீட்டர் வடக்கே போயிருக்கும். சேர்வராயன் மலையின் பரப்பு சுமார் 380 சதுர கி.மீ. அப்படியானால் மலை முழுவதிலிருந்தும் ஆண்டுக்குப் போகும் சராசரி மண் சுமார் 3,800 கன மீட்டர். லாரிக்காரர்கள் கணக்கில் ஏறத்தாழ 1,300 யூனிட்.

ஒரு முழு மலைக்கு இது மிகச் சிறிய அளவு. ஒரு சாலை விரிவாக்கம், சில மனையிடங்களுக்கு நிலம் சமப்படுத்துதல், ஒரு குவாரி, இவற்றில் பொக்லைன் ஒரு பருவத்தில் புரட்டும் மண் இதைத் தாண்டிவிடும். மனிதன் இன்று இந்த மலையின் மிகப் பெரிய அரிப்புச் சக்தி என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சராசரி மெதுவாக, சரிவு ஒரே இரவில்

ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது சராசரி. மலை ஆண்டுதோறும் சீராகத் தேய்வதில்லை. பல ஆண்டுகள் எதுவும் நடக்காது. பிறகு ஓர் இரவில் ஒரு சரிவிலிருந்து மூன்று மீட்டர் மண் இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்து வகுத்தால்தான் அந்தச் சராசரி வருகிறது. அந்த இரவு எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பாறை உள்ளிருந்து மக்குகிறது. சார்னோகைட்டில் குறுக்கும் நெடுக்குமாக இயற்கையான பிளவுகள் உண்டு. நீர் அந்தப் பிளவுகள் வழியே இறங்கிக் கட்டியின் எல்லாப் பக்கத்தையும் தின்கிறது. மூலைகள் முதலில் மக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில், செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடக்கும் நிலை உண்டாகிறது. மலைப்பாதை ஓரத்தில் மண் வெட்டிய இடங்களில் இதைக் கண்ணாலேயே காணலாம். சாலையில் வந்து விழும் பெரிய உருண்டைக் கற்கள் உச்சியிலிருந்து உடைந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. தம்மைச் சுற்றியிருந்த மண் போனதும் பிடி இழந்தவை அவை.

2. மண்ணுக்கும் பாறைக்கும் இடையே ஒரு எல்லை உருவாகிறது. மேலே நீரை உறிஞ்சும் மக்கிய மண், கீழே நீர் இறங்காத கெட்டிப் பாறை. மழைநீர் இந்த எல்லையில் வந்து தங்கும்.

3. தொடர்மழை பாரத்தை ஏற்றுகிறது. ஒரு ஹெக்டேர் சரிவில் 100 மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 1,000 டன். எல்லாம் உள்ளே இறங்காது, ஒரு பகுதி ஓடிவிடும். இறங்கும் பகுதி மண்ணின் எடையைக் கூட்டுகிறது.

4. நீர் மண் துகள்களைப் பிரிக்கிறது. பாரத்தைவிட முக்கியமான காரணம் இது. சரிவில் மண் நிற்பது துகள்களுக்கு இடையேயான உராய்வால். இடைவெளிகள் நீரால் நிரம்பியதும், அந்த நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. உராய்வு குறைகிறது. வறண்ட நாளில் அசையாமல் நின்ற சரிவு, அதே கோணத்தில், அதே மண்ணோடு, அன்று நிற்க முடியாமல் போகிறது.

5. கால் வெட்டப்பட்டிருந்தால் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். சரிவின் அடிப்பகுதிதான் மேலே உள்ளதைத் தாங்குகிறது. சாலைக்காக அதை வெட்டினால் தாங்கல் போகிறது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் சரிவு மேல்பக்கம் வெட்டப்பட்டு, கீழ்ப்பக்கம் நிரப்பப்பட்டிருக்கிறது. ஒரே சரிவின் காலை, பாதை வளைந்து வளைந்து பலமுறை வெட்டுகிறது.

சில இடங்கள் மட்டும் திரும்பத் திரும்பச் சரிவதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. பிளவு அதிகமான பாறை, ஆழமான மக்கிய மண், மேலிருந்து வந்து சேரும் ஓடை, வெட்டிய கால் ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் ஒருமுறை சரிந்தால், மேலே புதிதாக ஒரு செங்குத்து விளிம்பு உண்டாகும். அடுத்த பெருமழையில் அதுவும் இறங்கும். விழுந்த மண்ணை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டுச் சாலையைத் திறப்பது, அந்த விளிம்பைத் தாங்கல் இல்லாமல் விட்டுவைப்பதுதான். இது எனக்கு மிகவும் கவலை தருகிறது, ஏனென்றால் அந்தப் பாதையில்தான் ஏற்காட்டு மக்களின் மருத்துவமனைப் பயணமும் கல்லூரிப் பயணமும் நடக்கின்றன. குப்பனூர் வழியாக மாற்றுப்பாதை இருந்தாலும் அதுவும் இதே மலையைத்தான் வெட்டிப் போகிறது.

மரங்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது. நிழல்மரங்களுக்குக் கீழே வளரும் காப்பித் தோட்டம், வெட்டவெளியாக்கிய சரிவைவிட மண்ணை நன்றாகக் காக்கும். மழைத்துளியின் வேகத்தை இலைகள் வாங்கிக்கொள்கின்றன, வேர்கள் மேல்மண்ணைப் பிணைக்கின்றன. ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் சரியும் மண்ணை மரம் தடுக்காது. மரம் நட்டால் போதும் என்ற தீர்வு, ஆழமற்ற சரிவுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

நிலநடுக்கம் காரணமா?

பெருமழையோடு வரும் சரிவுக்கு அது தேவையில்லை. தட்டின் உள்ளேயும் பழைய பிளவுகளில் அழுத்தம் சேரும் என்பது உண்மை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் 6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002-ஆம் ஆண்டு வெளியான இந்திய நிலநடுக்க வரைபடம் சேலத்தை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. கட்டடம் கட்டுபவர்கள் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மலைப்பாதைச் சரிவுக்கோ முதலில் பார்க்க வேண்டியது நீர் எங்கே இறங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது.

இனி மழை எப்படி?

சேலம் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1,000 மி.மீ. மழை என்றால், ஏற்காட்டில் 1,500 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாவதால் இந்த வேறுபாடு. மலை தன் மழையைத் தானே வரவழைக்கிறது, அந்த மழை மலையைத் தேய்க்கிறது.

காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆண்டு மொத்த மழை மாறாவிட்டாலும், அதே மழை குறைந்த நாட்களில், குறைந்த மணிநேரத்தில் கொட்ட வாய்ப்பு அதிகமாகிறது. சரிவைத் தீர்மானிப்பது ஆண்டு மொத்தம் அல்ல. ஏற்கெனவே நனைந்த மண்ணின் மேல் சில மணிநேரத்தில் எவ்வளவு விழுந்தது என்பதுதான். ஆகவே ஏற்காட்டில் ஒரே மழைமானியை நம்பாமல், சரிவுகளுக்கு அருகிலேயே மணிக்கணக்கு மழையை அளந்து, ஒரு எல்லையைத் தாண்டியதும் பாதையை மூடும் ஏற்பாடு வேண்டும் என்று கருதுகிறேன். பாதையை மூடினால் ஒரு நாள் வியாபாரம் போகும், மூடாவிட்டால் உயிர் போகலாம்.

சரிந்த மண் எங்கே போகிறது

மேற்கிலும் தெற்கிலும் இறங்கும் மண் சரபங்கா, திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்குப் போகிறது. இந்த இரண்டும் மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியில் சேர்வதால், இவை கொண்டுபோகும் வண்டல் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் சேர்வதில்லை. வடகிழக்கே இறங்குவது வாணியாறு வழியாகத் தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் கலக்கிறது. வழியில் உள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் முதலில் நிரம்புகின்றன, தண்ணீரால் மட்டுமல்ல, மண்ணாலும். மலையில் ஒரு சரிவு வெட்டப்பட்டால், கீழே ஏரியின் கொள்ளளவு குறைகிறது. ஏரி தூர்வாரும் செலவையும் மலையில் நிலம் சமப்படுத்த அனுமதி தருவதையும் தனித்தனிக் கோப்புகளாகப் பார்க்கும் வரை அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும்.

மலையில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியவை

1. சரிவுக்கு மேல்பக்கத்தில் பிறைநிலா வடிவில் புதிய விரிசல். மண் இறங்கத் தொடங்கிவிட்டதன் நேரடி அடையாளம் இது.

2. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ வேலிக்கல்லோ சாய்வது.

3. தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, அல்லது ஈரமே இல்லாத இடத்தில் புதிய கசிவு.

4. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து நீரை அடைத்திருக்கலாம், அந்த அடைப்பு உடைந்தால் வெள்ளமாக வரும்.

5. தாங்குசுவரில் நீர் வடிவதற்காக விட்ட துளைகள் அடைபட்டுச் சுவர் வெளிப்பக்கம் புடைப்பது.

இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பார்த்தால் ஓடையின் போக்கையும் சரிவின் அடிவாரத்தையும் விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போக வேண்டும். மழை நின்றதும் உடனே திரும்பவும் கூடாது. மேலே இறங்கிய நீர் மண்ணுக்கும் பாறைக்கும் இடையேயுள்ள எல்லைக்கு வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் சில சரிவுகள் வெயில் வந்த பிறகும் இறங்குகின்றன.